பதினொரு கூறு

மேல்காட்டில் மாத்திரை வேலை செய்யவில்லை.

ஏழு பேருக்கு ரத்தக் கொதிப்பு. ஏழு பேருக்கும் மாதம் முப்பது மாத்திரை போய்ச் சேர்கிறது. தினமும் போடுவதாக ஏழு பேரும் சொல்கிறார்கள். முதல் மாதம் எல்லோருக்கும் இறங்கியது. அதற்குப் பிறகு ஆறு மாதமாக ஒருவருக்கும் இறங்கவில்லை. முதல் மாதம் இறங்கியது கருவியின் பிழை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

காரணம் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவள் ரோஸ்லின். வயது முப்பத்தாறு. திண்டுக்கல்காரி. அவள் இருந்த ஆராய்ச்சிக் குழு மருந்தை ஆராயவில்லை. மருந்து நல்ல மருந்து என்பது பல வருடம் முன்பே தெரிந்த விஷயம். அந்த மருந்து கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தும் பலன் இல்லையென்றால் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. எல்லோருக்கும் மருத்துவம் என்று அரசாங்கம் சொல்கிறது. அந்த எல்லோரில் யார் இல்லை என்று யாராவது நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

டாக்டர் பிலிப்புக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மலைமேல் இருந்த சுகாதார நிலையத்தில் அவர் ஒருவர்தான் டாக்டர். மேல்காட்டுக்குப் பஸ் கிடையாது. வளப்பூர் நாடு என்கிற மலையூர்ப் பகுதியில் ரோடு முடிகிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். மாத்திரை எடுத்துப்போகும் ஊழியர் கலைமணிக்கு அதிலேயே ஒரு நாள் போய்விடுகிறது. வாங்கி எங்கோ போடுகிறவர்களுக்காக ஒரு பெண்ணை மலையேற விடுவானேன் என்று கேட்டார். மாதக் கடைசியில் மேல்காட்டு நடையை நிறுத்தச் சொல்லி எழுதிவிடப் போவதாகச் சொன்னார். வேண்டியவர்கள் சுகாதார நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

"வரமாட்டாங்க சார்," என்றாள் ரோஸ்லின்.

"வரலைன்னா வேண்டாம்னு அர்த்தம்."

அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து தொண்ணூறு பேரைப் பார்த்திருந்தார்.

மாதத்தின் முதல் தேதியில் கலைமணி மாத்திரை கொண்டுபோவாள். அன்றே எல்லோருக்கும் கொதிப்பை அளந்து எழுதிவிட்டு வருவாள். போன இரண்டு மாதமும் ரோஸ்லின் அவளோடு போனாள். இந்த மாதம் முதல் தேதி மழையில் மலைப்பாதை வளைவில் மரம் விழுந்து பஸ் ஏறவில்லை. ரோஸ்லின் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டாள். கலைமணி தனியாகப் போய்வந்தாள். ரோஸ்லினால் பதிமூன்றாம் தேதிதான் வர முடிந்தது.

மாத்திரை இல்லாத நாளில் போவதில் கலைமணிக்கு விருப்பமில்லை. மிளகு பறிக்கும் சமயம், ஊரில் ஆள் இருக்காது என்றாள். அடுத்த முதல் தேதி போகலாம் என்றாள். அதற்குள் டாக்டர் எழுதிவிடுவார் என்றாள் ரோஸ்லின். கலைமணி செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. வளப்பூர் நாட்டுப் பெண்.

ஏற்றத்தில் அவள் நிற்காமலே பேசினாள். மாத்திரை வருவதற்கு முந்தின வருடம் மேல்காட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இன்னொருவரைத் தூளியில் கட்டி இறக்கினார்கள். பாதி வழியில் இறந்துபோனார். மாத்திரை வந்த பிறகு யாரையும் இறக்க வேண்டியிருக்கவில்லை.

"நடைய நிறுத்திட்டா மறுபடியுந் தூளிதானுங்க்கா."

அப்புறம் ஏன் இறங்கவில்லை என்று ரோஸ்லின் கேட்டாள். கலைமணி குனிந்தாள். வழியில் கிடந்த முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

மேல்காட்டில் பதினான்கு வீடு. சென்றாயன் மரத்தின் மேல் இருந்தார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருந்தது. அவர் ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று பறித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. ஊருக்கு எது வந்தாலும் அவரிடம்தான் முதலில் வரும்.

அவர் கலைமணியைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

"ஏங் கண்ணு, ஒன்னாந்தேதி ஏறுனது பத்தலயா?"

"அக்காவுக்கு உங்களப் பாக்காம சோறு எறங்கலயாம்," என்றாள் கலைமணி.

ரோஸ்லின் பாறையில் அவரை உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். கருவியின் பட்டையைக் கையில் சுற்றினாள். நூற்று முப்பத்திரண்டு.

முதல் தேதி அவருக்கு நூற்று எழுபத்தாறு. அதற்கு முந்தின மாதம் நூற்று எண்பது. ரோஸ்லின் பேட்டரியை மாற்றினாள். மறுபடி அளந்தாள். நூற்று முப்பத்து நான்கு. அடுத்த கையில் அளந்தாள். பிறகு தன் கையில் சுற்றி அளந்தாள். கருவியில் குறை இல்லை.

மதியக் கஞ்சிக்காக ஆட்கள் காட்டிலிருந்து வந்தார்கள். பட்டியலில் இருந்தவர்களில் மேலும் ஐந்து பேர் கிடைத்தார்கள். ஐந்து பேருக்கும் இறங்கியிருந்தது.

"மாத்திரை வேலை செய்யுதே," என்றாள் ரோஸ்லின்.

"செய்யாம?" என்றார் சென்றாயன். "போட்டாக் கிறுகிறுப்பே இல்லீங்க."

"அப்ப ஒன்னாம் தேதி வந்து பார்த்தா மட்டும் ஏன் ஏறியிருக்கு?"

"அதுக்குள்ள தீந்துருமில்லீங்க."

"முப்பது நாளைக்கு முப்பது இருக்கே."

"முப்பது எங்கீங்க? ஆளுக்குப் பத்தொம்பதுதான் வரும்."

எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவளுக்குத் தெரியாது என்று புரிந்துகொண்டு விளக்கினார்.

ஊரில் கிடா வெட்டினால் கூறு போடுகிறவர் அவர். எத்தனை வீடோ அத்தனை கூறு. கையளவு பிசகாது. காட்டுக்குப் போனவர்களின் கூறு அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். கூறு போடுகிறவர் கடைசியாக மிஞ்சும் கூறை எடுத்துக்கொள்வார். மாத்திரையையும் அப்படித்தான் செய்தார். இருநூற்றுப் பத்து மாத்திரை. இதே பாறையில் பதினொரு பலா இலையைப் பரப்பி, பாக்குவெட்டியால் அட்டையை வெட்டி, ஒவ்வோர் இலையிலும் பத்தொன்பது வைப்பார். ஒன்று மிஞ்சும். அந்த மாதம் யாருக்குத் தலைசுற்றல் அதிகமோ அவர்களுக்கு அது.

"பட்டியல்ல ஏழு பேர்தானே?"

"நோவு பதினோரு பேருக்கு இருக்குதுங்களே."

முதன்முதலில் ஊரில் எல்லோருக்கும் அளந்தபோது பதினொரு பேருக்கு அதிகம் இருந்தது. கம்ப்யூட்டரில் பெயர் ஏற ஒரு போன் நம்பர் வேண்டும். ஒரு நம்பருக்கு ஒரு பெயர். ஏழு பேரிடம் நம்பர் இருந்தது. நான்கு பேரிடம் இல்லை. அந்த நாலு பேரைத் தாளில் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஏற்றுகிறோம் என்றார்கள். தாள் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் ஏழு பேரோடு வந்தது. மாத்திரையும் ஏழு பேருக்கு வந்தது.

யாரும் எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ரோஸ்லினின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: தினமும் மாத்திரை போடுகிறீர்களா? எல்லோரும் ஆமாம் என்றார்கள். இருக்கும்வரை தினமும் போட்டார்கள். தீர்ந்த பிறகு என்ன என்று படிவத்தில் கேள்வி இல்லை. அந்தப் படிவத்தை எழுதியவள் ரோஸ்லின்.

சென்றாயனின் மனைவி அத்தாயி சாமைக் கஞ்சி கொண்டுவந்தாள். ரோஸ்லினுக்கும் கலைமணிக்கும் முதலில் ஊற்றினாள். பெயர் ஏறாத நான்கு பேரில் அவள் ஒருத்தி. மற்றவர்கள் சின்னுசாமி, பெருமாயி, மாதம்மாள்.

முதல் மாதம் கூறு போடவில்லை என்றார் சென்றாயன். ஏழு பேரும் முப்பதையும் முழுதாகப் போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு காலை அத்தாயியின் கையிலிருந்து தண்ணீர்க் குடம் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கப் பார்த்தாள். வலது கை எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மதியத்துக்குள் கை தானாகத் திரும்பி வந்தது. அடுத்த முதல் தேதி கலைமணி போன பிறகு, அவர் தன் முப்பதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பாதி அவளுக்கு என்று தோன்றியது. பிறகு, சின்னுசாமிக்கு யார் கொடுப்பார்கள் என்று தோன்றியது. மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டார். யாரும் மறுக்கவில்லை.

ரோஸ்லின் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மாத்திரை ஒரு நாளும் விடாமல் உடம்பில் இருக்க வேண்டும் என்றாள். பத்தொன்பது நாள் போட்டுவிட்டுப் பதினொரு நாள் விட்டால், அந்தப் பதினொரு நாளில் கொதிப்பு பழையபடி ஏறிவிடும். தலையில் நரம்பு வெடிக்கிறதென்றால் அப்போதுதான் வெடிக்கும். பதினொரு பேருக்கும் கொடுக்கிறீர்கள், பதினொரு பேரில் ஒருவருக்கும் காவல் இல்லை.



"அப்ப ஏழு பேருக்கு முழுசாக் குடுத்துட்டு, இந்த நாலு பேர என்ன பண்றதுங்க?" என்றார் சென்றாயன்.

குரலில் கோபம் இல்லை. வழி கேட்பவர்போலக் கேட்டார். ரோஸ்லின் பட்டியலைப் பார்த்தாள்.

"எம் பேர எடுத்துட்டு இவ பேரப் போட்டுக்கங்க."

"மரமேறறது நானா அவரா?" என்றாள் அத்தாயி. "மேல நின்னு கிறுகிறுன்னு வந்தா என்னாகும்? அவருக்கே இருக்கட்டுங் கண்ணு. எனக்குப் போன கைதான் வந்துருச்சே."

வந்துவிட்டதைக் காட்ட வலது கையைத் தூக்கினாள். ரோஸ்லின் அந்தக் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்று முப்பத்தெட்டு. அத்தாயிக்கு இன்னும் ஆறு மாத்திரை மிச்சமிருந்தது.

ரோஸ்லின் மற்ற மூவருக்கும் அளந்து, பதினொரு பெயரையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டாள்.

இறக்கத்தில் கலைமணி பின்னால் வந்தாள். பாதி தூரம் வந்ததும் நின்றாள். ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஆட்கள் நாலு திசையில் காட்டில் இருப்பார்கள். தேடிப் போனால் இறங்குவதற்குள் பொழுது போய்விடும். அதனால் ரோஸ்லின் கூட வராத மாதங்களில் எல்லாவற்றையும் சென்றாயனிடம் கொடுத்துவிட்டு, கஞ்சிக்கு வருகிறவர்களிடம் அளந்து கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"அண்ணன்கிட்டக் குடுத்தா ஒன்னுகூடக் கொறையாதுங்க்கா."

குறையவில்லை என்பது உண்மைதான்.

"இத எழுதுவீங்களா?"

"தெரியல கலைமணி."

"எழுதுங்க. நடைய நிறுத்தாத மாதிரி எழுதுங்க."

மறுநாள் பிற்பகல், நோயாளிகள் போன பிறகு, பிலிப் சாப்பிட உட்கார்ந்தார். ரோஸ்லின் தாளை மேசையில் வைத்தாள். ஒரு பக்கம் முதல் தேதி அளவுகள். ஒரு பக்கம் பதிமூன்றாம் தேதி அளவுகள். கீழே நான்கு பெயர்கள் தனியாக. நடந்ததைச் சொன்னாள். கலைமணி வாசலில் நின்றாள்.

பிலிப் சோற்றுப் பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"தீந்துபோன நாளாப் பாத்து அளந்திருக்கோம்."

"ஆமா சார். மாத்திரை கொண்டுபோற அன்னைக்கே அளக்கறோம்."

"ஒரே நடையில ரெண்டு வேலை முடியட்டும்னு நான்தான் சொன்னேன்," என்றார் பிலிப்.

மறுபடி தாளைப் பார்த்தார். கையெழுத்து ஏழும் சரியாக இருக்கிறதே, கையில் கொடுக்கவில்லையா என்று கேட்டார். 

"நான்தான் சார்," என்றாள் கலைமணி. "சென்றாயண்ணன்கிட்ட மொத்தமாக் குடுத்துட்டு வந்தேன்."

பிலிப் அவளைப் பார்த்தார். அவள் கணுக்காலில் அட்டை கடித்த இடம் கறுத்திருந்தது.

"ஏற எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் சார். எறங்க ஒன்றரை."

"இனிமே கையில குடு. ஒரு நாள் பத்தலைன்னா ரெண்டு நாளாப் போ."

"சரிங்க சார்."

அந்த நாலு பேரைக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது என்றார் பிலிப். அதை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆனால் நோயாளி நேரில் வந்தால் சீட்டு எழுதி மருந்து கொடுக்கலாம். அதற்கு நம்பர் வேண்டாம். ஒரு தடவை வரட்டும். அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சீட்டை வைத்துக் கலைமணி எடுத்துப் போகட்டும். அவர் தனியாக ஒரு நோட்டுப் போடுவார்.

"உங்களுக்கு மாறுதல் வந்தா சார்?"

"அடுத்து வர்றவர் நோட்டை ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் செய்யறது இந்த நாலு பேருக்கு. நீங்க எழுதறதுதான் மத்த ஊருக்கு."

"அந்த லெட்டர் சார்? நடையை நிறுத்தச் சொல்லி?"

"எழுதல," என்றார் பிலிப். பாத்திரத்தைத் திறந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்.

செய்தி சொல்லக் கலைமணி அந்த வாரமே மறுபடி ஏறினாள். மற்ற மூவரும் உடனே சம்மதித்தார்கள். அத்தாயிதான் மாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரியில் தனக்கு என்ன வேலை என்றாள். கை நன்றாக இருக்கிறது என்றாள். மிளகு காய்கிறது, மழை வந்தால் யார் அள்ளுவது என்றாள். சென்றாயன் அவளோடு வாதாடவில்லை. நீ வந்து உன் பேரில் வாங்கிக்கொண்டால் எனக்கு முப்பதும் கிடைக்கும் என்று மட்டும் சொன்னார். அவள் சேலை மாற்ற உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பாறையில் மிளகுக்குக் காவல் இருக்க வேறொருத்தி ஒத்துக்கொண்டாளாம். சின்னுசாமிக்குப் பஸ்ஸில் குமட்டியிருந்தது. வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரோஸ்லினும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற ஊர்களுக்கான படிவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். புதிய கேள்வியைச் சென்றாயனிடம் படித்துக் காட்டினாள்: உங்கள் மாத்திரையை வேறு யாருக்காவது கொடுக்கிறீர்களா?

"இது களவு கேக்கற மாதிரி இருக்குதுங்க. இல்லீன்னுதான் சொல்லுவாங்க."

"வேற எப்படிக் கேக்கறது?"

அவர் யோசித்தார். "எத்தன கூறு போடறீங்கன்னு கேளுங்க. சொல்லிருவாங்க."

ரோஸ்லின் பழைய கேள்வியை அடித்துவிட்டு அதை எழுதினாள்.

அத்தாயியை உள்ளே கூப்பிட்டார்கள். சென்றாயனும் கூடப் போனார். வயது என்ன என்று பிலிப் கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு இருக்கும் என்றார் அவர். பிலிப் தன் இரண்டு விரலை நீட்டி, வலது கையால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவள் தயங்கினாள். பிறகு பிடித்தாள். இன்னும் கெட்டியாக என்றார். பிடித்தாள்.

"போதும்மா. விரல் எனக்கு வேணும்."

அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சென்றாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார்.

பிலிப் சீட்டு எழுதினார். நோட்டில் பெயர் ஏற்றினார். எழுதிக்கொண்டே, நிமிராமல், சென்றாயனிடம் சொன்னார்.

"வாங்கித் தூரப் போடறீங்கன்னு நெனச்சேன்."

"தெரியாதில்லீங்க," என்றார் சென்றாயன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் காகித உறையின் மேல் பெயர் எழுதி அவளிடம் நீட்டினார்கள். தினமும் இரவு சாப்பிட்ட பிறகு ஒன்று. ஒரு நாளும் விடக் கூடாது. தீரும் முன்பு கலைமணி வருவாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. மற்ற மூவரும் முன்னால் உட்கார்ந்து தூங்கினார்கள். ரோஸ்லின் இரண்டு இருக்கை பின்னால் இருந்தாள். அவள் தங்கியிருந்த சோளக்காட்டில் இறங்க வேண்டும். சென்றாயன் மஞ்சள் பையை விரித்து, உறையை அதில் போடச் சொன்னார். அத்தாயி கொடுக்கவில்லை.

"எம் பேரு போட்டிருக்குதுங்க. நானே வெச்சுக்கறேன்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"அந்தப் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. அத்தாயி, மேல்காடு."

அவர் பையை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"முப்பது இருக்குதா?"

"இருக்குது."

"எண்ணிப் பாத்தியா?"

"ரெண்டு தடவ."

பஸ் வளைவில் திரும்பியது. அவள் தோள் அவர் மேல் சாய்ந்தது. நேரான ரோடு வந்த பிறகும் அவள் நகர்ந்துகொள்ளவில்லை.